கும்மந்தான் கான்சாகிபுக்கு வாரிசு யார்?

1997இல் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இரண்டு பழைய படைத்தலைவர்களின் பெயர்கள் அடிபட்டன. ஒருவர் வீரன் சுந்தரலிங்கம். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் தளபதி. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியதும் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு ஒரே போடாக எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்படித்தான். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானதும் அப்படித்தான்.

இன்னொருவர் கான்சாகிபு என்று ஜனங்கள் அழைத்த யூசுப் கான். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகருக்கு வந்து, கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனிப் பாளையத்தில் தூக்கில் தொங்கிய மனிதனின் கதையைத் தொடங்கிவைக்க அந்த நாட்டு ராணியே வந்த வேடிக்கையை அன்று பலரும் ரசித்தார்கள். அதோடு சரி. விழா நடந்தது, படம் வரவில்லை.

சுந்தரலிங்கத்தின் பெயருக்காகப் போராட ஆட்கள் இருந்தார்கள். இன்று கவர்னகிரியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. யூசுப் கானுக்கு அப்படி யாரும் இல்லை. ராமநாதபுரம் சீமையில் பனையூரில் இந்துக் குடும்பத்தில் பிறந்து மருதநாயகம் என்று அழைக்கப்பட்டவர் என்பது மரபு. பிறகு முஸ்லிம் ஆனார். போர்த்துக்கீசிய வழிவந்த கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். ஆங்கிலேயருக்காக வாள் எடுத்தார், பிரெஞ்சுக் கொடியை ஏற்றி அதே ஆங்கிலேயரோடு மோதிச் செத்தார். எந்தச் சாதியும், எந்தக் கட்சியும், எந்த மதமும் முழுசாக உரிமை கொண்டாட முடியாத ஆள். அதனால்தான் அவரைச் சினிமாச் சுவரொட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். இது சரியில்லை. வேறு எங்கேயும் இல்லாவிட்டாலும் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், ஆத்தூரிலிருந்து தொடங்கலாம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முக்காணி தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளி வெயில் மறந்துபோகும். அகத்தி நிழலில், ஈரம் காயாத வரப்பில், கொடி தொடுத்திருக்கும். வெற்றிலை, வாழை, நெல் என்று இந்தப் பக்கம் விளைவதெல்லாம் ஆற்றுத் தண்ணீரின் தயவு. கார், பிசானம் என்று இரண்டு போகம். கீழே புன்னைக்காயலில் ஆறு கடலில் சேர்கிறது. அங்கிருந்து தூத்துக்குடி வரை முத்தும் சங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமைக்காக இத்தனை பேர் அடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. களத்தில் நெல்லை அளக்கும்போதே அரசின் வாரத்தைப் பிரித்துக்கொண்டு போக ஆள் நின்றான். அந்த ஆளை அனுப்புவது ஆற்காட்டு நவாபா, பாளையக்காரரா, கம்பெனியா என்பதுதான் சண்டை.

தூத்துக்குடி அப்போது ஒல்லாந்துக்காரர் (டச்சுக்காரர்) கையில். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். முத்துக்குளிப்பு, வங்காளத்துக்குப் போகும் சங்கு, நெசவுத் துணி ஆகியவை அவர்களுடைய வியாபாரம். 1750இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்னும் நகரில் நிற்கிறது. கரையோடு இருந்தவரை யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. 1760இல் அவர்களுக்கு ஆசை வந்தது. கொழும்பிலிருந்து வந்த படை தூத்துக்குடியில் இறங்கி, உள்நாட்டுக்குள் நகர்ந்து, ஆத்தூருக்குச் சில மைல் மேற்கே ஆழ்வார்திருநகரியில் கூடாரம் அடித்தது. நம்மாழ்வார் பிறந்த ஊரில் ஐரோப்பியச் சிப்பாய்களும் பீரங்கியும். யூசுப் கான் கோட்டைகளில் சிதறியிருந்த தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் நெருங்கியதும் ஒல்லாந்துக்காரர்கள் ராவோடு ராவாகக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார்கள். பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கொழும்புக்காரர்கள் தாமிரபரணி வயல்களில் காலூன்றும் வாய்ப்பு அத்தோடு போனது. பிஷப் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் இது இருக்கிறது. மணியாச்சி ஆஷ் கொலையையும் பாஞ்சாலங்குறிச்சியையும் நாள் தேதியோடு சொல்கிற இந்த மாவட்டத்தில், இதைச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

இந்த ஆள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்?

1752 வாக்கில், இருபத்தைந்து வயதை ஒட்டிய யூசுப் கான் தன்னோடு ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ராபர்ட் கிளைவின் படைக்கு வந்தார். பேர் வாங்கியது திருச்சிராப்பள்ளிப் போரில். அங்கே முக்கியமான வேலை வாள் சுழற்றுவதாக இருக்கவில்லை. முற்றுகையில் கிடந்த திருச்சிக்கு அரிசி போக வேண்டும். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் தொண்டைமான் நாட்டிலிருந்தும் மாட்டுப் பொதிகள் வர வேண்டும். வழியெல்லாம் மைசூர்க் குதிரைப்படையும் பிரெஞ்சுக்காரரும் காத்திருந்தார்கள். எந்தப் பாதையில், எந்த ராத்திரியில், எவ்வளவு காவலோடு பொதியைக் கொண்டுவருவது என்று கணக்குப் போட்டு ஊருக்குச் சோறு போட்டவர் யூசுப் கான். மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அவரைப் புகழ்ந்து தள்ளியதற்கு அதுதான் காரணம். 1754இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆக்கி, தங்கப் பதக்கமும் தந்தார்கள். ஜனங்கள் வாயில் அது கும்மந்தான் ஆயிற்று.

1758 டிசம்பரில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, கோட்டைக்கு வெளியே இருந்துகொண்டு அவனுடைய தானிய வண்டிகளையும் ஆட்களையும் ஓயாமல் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தவரும் இவர்தான். திருச்சியில் உணவு கொண்டுபோகக் கற்ற வித்தையைச் சென்னையில் திருப்பிப் போட்டார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுப் போனான்.

இந்தச் சண்டைகளை நாம் கர்நாடகப் போர் என்று தனிப் பாடமாகப் படிக்கிறோம். ஐரோப்பாவில் இதே நேரம் பிரஷ்ய மன்னன் பிரெடெரிக் ஒரு பக்கமும் ஆஸ்திரியா, பிரான்ஸ், ரஷ்யா எதிர்ப்பக்கமுமாக ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெடெரிக்கின் படைக்கு 1758 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு ஆறு லட்சத்து எழுபதாயிரம் பவுன் கொடுத்தது இங்கிலாந்து. பிரஷ்யப் படைவீரனும் மதுரைச் சிப்பாயும் ஒரே எதிரியோடு, ஒரே கூட்டாளியின் பக்கம் நின்று போரிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

1759இல் மதுரை, திருநெல்வேலி இரண்டையும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் குத்தகைக்கு யூசுப் கானிடம் ஒப்படைத்தது சென்னைக் கவுன்சில். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள்தான் அவர் வாழ்க்கையில் முக்கியமானவை. படச் சுவரொட்டியில் இடம்பெறாதவையும் அவைதான். பிடுங்கப்பட்டிருந்த கோயில் வருமானங்களை, மதுரை மீனாட்சி கோயில் உட்பட, திருப்பிக் கொடுத்தார். குளம் கால்வாய்களைச் சீர்செய்தார். நெசவாளர்களுக்கு ஊக்கம் தந்தார். அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து அதே சீமையில் படை நடத்திய கர்னல் புல்லர்டன், யூசுப் கான் காலத்து நிர்வாகத்தைப் போலச் சுறுசுறுப்பும் நேர்மையும் பிறகு பார்க்கவில்லை என்ற பொருள்பட எழுதினார். கம்பெனியின் பக்கம் நின்று படை நடத்தியவர் ஒருவர், கம்பெனி தூக்கிலிட்டவரைப் பற்றித் தந்த சான்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒளிப்பதில் அர்த்தமில்லை. கள்ளர் நாட்டில் அவர் அமைதி கொண்டுவந்த விதம் கொடூரமானது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளை 1761இல் பிடித்தவரும் அவரே. வரி கட்ட மறுத்து எதிர்த்து நின்ற பூலித்தேவரை இன்று விடுதலைப் போரின் முதல் குரல் என்று கொண்டாடுகிறோம். அந்தக் குரலை அடக்கியவர் யூசுப் கான். பூலித்தேவருக்குத் துணையாகக் களக்காட்டுப் பக்கம் வந்த திருவிதாங்கூர்ப் படையோடும் மோதினார். அந்தப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கியவர் யூஸ்டாகியுஸ் டிலனாய். 1741இல் ஒல்லாந்துப் படையோடு குளச்சலில் வந்து இறங்கி, தோற்றுக் கைதாகி, மார்த்தாண்டவர்மனிடமே வேலைக்குச் சேர்ந்து பெரிய கப்பித்தானாக உயர்ந்தவர். 1777இல் இறந்தார். தக்கலை பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை தமிழும் லத்தீனும் பொறித்த கல்லோடு இருக்கிறது. எஜமான் மாறிய போர்வீரனுக்கும் மரியாதை கிடைப்பதுண்டு, எஜமானைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

யூசுப் கானுக்கு வாய்த்த எஜமான் ஒருவரல்ல, இருவர். வேலை கொடுத்தது கம்பெனி. நாட்டுக்கு உடையவர் என்று சொல்லிக்கொண்டவர் நவாப் முகமது அலி. போர்க்காலத்தில் கம்பெனிக்கு யூசுப் கான் தேவைப்பட்டார்; நவாபின் முணுமுணுப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. பாண்டிச்சேரி 1761இல் விழுந்த பிறகு தேவை குறைந்தது. நவாபோ கம்பெனிக்கும் அதன் அதிகாரிகளுக்கும் கழுத்துவரை கடன்பட்டிருந்தார். கடனை அடைக்க வேண்டுமானால் மதுரை, திருநெல்வேலி வருமானம் அவர் கைக்கு வந்தாக வேண்டும். நவாபுக்குக் கீழ்ப்பட்டு நட என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. தன்னை நியமித்தது கம்பெனி, நவாபின் வேலைக்காரன் அல்ல தான் என்பது யூசுப் கானின் நிலை. பணிந்து போக மறுத்தார்.

அவர் தலையெழுத்தை எழுதியது மதுரையிலும் அல்ல, சென்னையிலும் அல்ல. 1763 பிப்ரவரி 10ஆம் தேதி கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் பதினோராவது பிரிவு, கர்நாடகத்தின் முறையான நவாப் முகமது அலியே என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொள்வதாகச் சொன்னது. கனடாவையும் மேற்கிந்தியத் தீவுகளையும் பங்கிட்ட அதே தாளில் மதுரைச் சீமையின் உரிமையும் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு நவாபை எதிர்ப்பவன் யாராக இருந்தாலும் கலகக்காரன். பிரெஞ்சு அரசே வெளிப்படையாகக் கைகொடுக்க முடியாத நிலை. யூசுப் கான் ஏற்றிய பிரெஞ்சுக் கொடிக்குப் பின்னால் பிரான்ஸ் நிற்கவில்லை. மார்ஷான் என்ற அதிகாரியின் கீழ் கொஞ்சம் கூலிப் படையினர்தான் நின்றார்கள்.

1763 செப்டம்பர் வாக்கில் மதுரை முற்றுகை தொடங்கியது. முதல் சுற்றில் கர்னல் மான்சன் தோற்று, மழைக்காலம் வந்ததும் திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் வந்தார். 1764 ஜூன் 26ஆம் தேதி கோட்டை மீது நடந்த நேரடித் தாக்குதலையும் முறியடித்தார் யூசுப் கான். அதில் காயம்பட்ட மேஜர் பிரெஸ்டன் பிறகு இறந்துபோனார். சுவரை உடைத்து உள்ளே போக முடியாது என்று புரிந்த பிறகு சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார்கள். திருச்சிக்கு அரிசி கொண்டுபோன மனிதனின் கோட்டைக்குள் அரிசி தீர்ந்தது.

உள்ளேயிருந்தவர்களில் சிலர் முற்றுகையிட்டவர்களோடு ஒப்பந்தம் பேசினார்கள். அக்டோபர் 13ஆம் தேதி யூசுப் கான் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாச ராவ், மார்ஷான், இன்னும் சிலர் சேர்ந்து பாய்ந்து பிடித்துக் கட்டிப்போட்டார்கள். கோட்டை திறந்தது. அக்டோபர் 15 அன்று தூக்கு. நவாபின் உத்தரவு, கம்பெனியின் சம்மதம். கயிறு இரண்டு முறை அறுந்தது, உடலைத் துண்டாக்கித் திசைக்கொன்றாக அனுப்பினார்கள் என்றெல்லாம் மதுரை வட்டாரத்தில் சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, செத்த பிறகும் அந்த ஆளைக் கண்டு பயந்தார்கள் என்பதை ஜனங்கள் இப்படிச் சொல்லிவைத்தார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் புதைகுழிமேல் 1808இல் எழுப்பிய சிறு பள்ளிவாசல் இருக்கிறது. கான்சா மேட்டுத் தெரு, வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடலை நா.வானமாமலை பதிப்பித்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் எஸ்.சி.ஹில் 1914இல் முழுப் புத்தகமே எழுதினார்.

யூசுப் கானை எடைபோட நாம் வழக்கமாகத் தூக்கும் தராசில் இரண்டே தட்டு: வீரனா, துரோகியா? இந்தக் கேள்வியே பிசகு என்பதைக் காட்ட ஒரு பிரஷ்யத் தளபதியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

லுத்விக் யோர்க், 1759இல் போட்ஸ்டாமில் பிறந்தவர். யூசுப் கான் மதுரைக்குக் குத்தகைக்காரராக வந்த ஆண்டு. சின்ன வயதிலேயே பிரஷ்யப் படையில் சேர்ந்து, மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையும் வேலைநீக்கமும் பெற்றார். பிழைப்புக்காக ஒல்லாந்துப் படையில் சேர்ந்தார். தூத்துக்குடியை வைத்திருந்த அதே ஒல்லாந்துக்காரர்களின் கேப்டனாக 1783-84இல் கிழக்கிந்தியப் பகுதியில் சண்டையிட்டார். மன்னர் பிரெடெரிக் இறந்த பிறகே பிரஷ்யாவில் மறுபடி இடம் கிடைத்தது. 1812இல் நெப்போலியன் ரஷ்யாமீது படையெடுத்தபோது பிரஷ்யா அவனுக்குக் கூட்டாளி. துணைப்படைக்குத் தலைவர் யோர்க். நெப்போலியன் படை பனியில் அழிந்து திரும்பியது. அப்போது அவர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. டிசம்பர் 30 அன்று, தவ்ரோகென் என்ற ஊரில், மன்னரைக் கேட்காமலே எதிரியான ரஷ்யரோடு நடுநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் அதை ஏற்கவில்லை. பதவியிலிருந்து நீக்கச் சொன்னார். இராணுவச் சட்டப்படி யோர்க்கின் கழுத்துக்கும் கயிறு தூரமில்லை. ஆனால் சில வாரங்களில் காற்று திரும்பியது. 1813 மார்ச்சில் மன்னரே நெப்போலியனுக்கு எதிராகப் போர் அறிவித்தார். யோர்க் 1814இல் பிரபு ஆனார், 1821இல் பீல்டு மார்ஷல் ஆனார். பெர்லினில் அவருக்குச் சிலை, அவர் பெயரில் தெரு, பீத்தோவன் எழுதிய அணிவகுப்பு இசைக்கு அவர் பெயர்.

கீழ்ப்படியாமை இரண்டு பேருக்கும் பொது. யோர்க்குக்குப் பின்னால் ஒரு நாடும், மனம் மாறிய மன்னரும் வந்தார்கள். யூசுப் கானுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. தோற்றவனைக் கலகக்காரன் என்றும் ஜெயித்தவனைத் தேசபக்தன் என்றும் எழுதுவது வெற்றி பெற்றவர்களின் பழக்கம். அதை நாம் ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்?

அதற்காக யூசுப் கான் தலையில் இந்திய விடுதலையை ஏற்றிவைக்கவும் வேண்டாம். 1763இல் அவர் கேட்டது தான் ஆண்ட சீமையைத் தானே ஆள்வது. பூலித்தேவர் கேட்டதும் தன் பாளையத்தை. இருவரும் தத்தம் மண்ணுக்காக நின்றவர்கள், எதிரெதிர்ப் பக்கங்களில். ஒருவரைப் பாட்டுடைத் தலைவராகவும் மற்றவரை ஆங்கிலேயரின் கைக்கூலியாகவும் மட்டும் காட்டினால், கம்பெனி இந்த நாட்டை எப்படிப் பிடித்தது என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது. நம் ஆட்களின் திறமையைச் சம்பளம் கொடுத்து வாங்கித்தான் பிடித்தது. வேலை முடிந்ததும் அந்தத் திறமையைத் தூக்கிலும் போட்டது. வெள்ளைக்காரத் துப்பாக்கியைவிட அதுதான் பெரிய விஷயம்.

பள்ளிப் பாடநூலில் யூசுப் கான் இல்லாமல் இல்லை. பூலித்தேவர் பாடத்தின் ஓரத்தில், எதிராளியாக, சில வரிகளில் வந்து போகிறார். பூலித்தேவரையும் அவரையும் சமமாக வைத்து ஒரே பாடம் எழுதலாம். ஆழ்வார்திருநகரி விவகாரத்தையும், பாரிஸ் உடன்படிக்கையின் பதினோராவது பிரிவையும் அதில் சேர்க்கலாம். தாமிரபரணிக் கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊர்ச் சங்கதி. ஹில்லின் புத்தகத்தைக் குறிப்புகளோடு நல்ல தமிழில் மலிவு விலையில் கொண்டுவருவது பல்கலைக்கழகங்களுக்கு முடியாத காரியமில்லை. கதைப்பாடலையும் அதோடு சேர்த்து அச்சிட வேண்டும். ஜனங்கள் சொன்னதும் ஆவணம் சொன்னதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டுகின்றன என்று படிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சிலை வேண்டாம். சிலை வைத்தால் அடுத்த நாளே அவருக்கு ஏதாவது ஒரு சாதியையோ கட்சியையோ தேடிப் பிடித்துவிடுவார்கள். பாடநூல் குழு அடுத்த முறை கூடும்போது அந்தச் சில வரிகளை நான்கு பக்கமாக்கினால் போதும்.